கன்னார் தராசும் ஆரியபடர் கணக்கும்

கண்டி மாநகரிலிருந்து கொழும்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பேராதனையில் மகாவலி ஆற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பிலிமத்தலாவை என்னும் ஊர் வரும். வரலாறு பயின்றோர் இவ்வூர்ப் பெயரைக் கேட்டதும், 1798ஆம் ஆண்டில் கண்ணுச்சாமி என்னும் இளைஞனைக் கண்டி அரியணையில் ஏற்றிவைத்து, பின்னாளில் அவ்வரசனாலேயே மரண தண்டனை பெற்ற பிலிமத்தலாவை அதிகாரை நினைவுகூர்வர். சாலை வழியே செல்லும் பயணிகளுக்கோ இவ்வூர் வேறொன்றால் அறிமுகமானது. சாலையோரக் கடைகளில் பித்தளை விளக்குகளும் செம்புகளும் தட்டங்களும் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். சுற்றுப்புறச் சிற்றூர்களில் வார்ப்புத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

கலைத் தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று. அருகிலுள்ள கடலாதெனிய விகாரையும் இலங்காதிலக விகாரையும் கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்று கல்வெட்டுக் கூறுகிறது. இலங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டுடன் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தென்னாட்டுச் சிற்பியரும் இந்நாட்டுக் கம்மியரும் ஒரே களத்தில் உளி பிடித்த இடம் இது. கண்டி நாட்டுக் கம்மியரின் தொழில் முறைகளை ஆராய்ந்து ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெருநூல், மெழுகால் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையையும் பதிவுசெய்து வைத்திருக்கிறது.

இத்தகைய வார்ப்புக் கூடம் ஒன்றில் ஒருவர் வந்து ஒரு விளக்கைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் உயரம் ஒரு முழம், அதாவது 24 விரல். நிறை நான்கு கிலோ. “இதே வடிவில், இதைப்போல் இருமடங்கு நிறையுள்ள விளக்கு வேண்டும். அதன் உயரம் எவ்வளவு இருக்கும்?” என்று வினவுகிறார். நிறை இருமடங்கானால் உயரமும் இருமடங்காகும் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் உயரத்தை இருமடங்காக்கும்போது அகலமும் இருமடங்காகும், கனமும் இருமடங்காகும். இரண்டை மும்முறை பெருக்க எட்டு. ஆகவே இரண்டு முழ விளக்கு எட்டுக் கிலோ இராது. 32 கிலோ இருக்கும்! எட்டுக் கிலோவுக்கு வேண்டிய உயரத்தைக் காண, எந்த எண்ணை மும்முறை தன்னோடு தான் பெருக்கினால் இரண்டு வருமோ அந்த எண்ணைக் கண்டாக வேண்டும். அதுவே இரண்டின் கனமூலம். அது ஏறத்தாழ 1.26. விளக்கு 24 விரலிலிருந்து 30 விரலுக்குச் சற்று மேலே வளர்ந்தால் போதும், நிறை இருமடங்காகிவிடும்.

கன்னார் இதற்கு எண் எழுதுவதில்லை. அவருக்குத் தராசு இருக்கிறது. மெழுகில் உருவைச் செய்து நிறுத்துப் பார்க்கிறார். பித்தளை மெழுகைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது. ஆகவே மெழுகின் நிறை தெரிந்தால் வேண்டிய உலோகத்தின் நிறையும் தெரிந்துவிடும். மெழுகு மிகுந்தால் சுரண்டுகிறார், குறைந்தால் அப்புகிறார், மறுபடியும் நிறுக்கிறார். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலும், மெழுகை நிறுத்து இன்ன உலோகத்துக்கு இத்தனை மடங்கு என்று எடுத்துக்கொள்ளும்படி விதிக்கிறது. கனமூலம் என்ற சொல்லையே கேளாமல், கையாலும் தராசாலும் கனமூலம் கண்டுவந்தவர்கள் இவர்கள். இதே விடையை எண்களைக்கொண்டே அடைய மனிதன் எவ்வளவு பாடுபட்டான் என்பது ஒரு நீண்ட கதை.

கிரேக்க நாட்டில் அந்தக் கதை ஒரு கொள்ளைநோயோடு தொடங்குகிறது. டீலோசுத் தீவு மக்கள் நோய் தீர வழி கேட்டபோது, கனசதுர வடிவான பலிபீடத்தை இருமடங்காக்குமாறு தெய்வவாக்குப் பிறந்ததாம். கைவினைஞர்கள் பக்கத்தை இருமடங்காக்கினார்கள், பீடம் எட்டு மடங்காயிற்று, நோய் தீரவில்லை. இது கட்டுக்கதையாகவே இருக்கலாம். ஆனால் அக்கதையில் வரும் பிழை உண்மையானது. நம் விளக்கு வாங்க வந்தவரின் பிழையே அது. கிரேக்க அறிஞர்கள் பலர் இந்தப் புதிரைத் தீர்க்க முயன்றனர். கி.மு. நான்காம் நூற்றாண்டினரான ஆர்க்கிட்டாசு, உருளையும் கூம்பும் வளையமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடையைக் கண்டார். எரட்டொசுதெனீசு சட்டங்கள் நகரும் ஒரு கருவியையே அமைத்தார். அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு இதைச் சாதிக்கவே முடியாது என்று பிரெஞ்சு நாட்டு வான்செல் நிறுவியது 1837ஆம் ஆண்டில்தான்.

புதிர் என்று சொன்னாலும், அதற்குப் போர்க்களத்திலும் வேலை இருந்தது. கல்லெறி பொறிகளில், முறுக்கிய கயிற்றுக் கட்டு நுழையும் துளையின் விட்டமே பொறியின் மற்றெல்லா அளவுகளுக்கும் அடிப்படை. எறியவேண்டிய கல்லின் நிறையை மினா என்னும் அளவையில் எடுத்து, அதை நூறால் பெருக்கி, கனமூலம் கண்டு, அதனோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் துளையின் விட்டம் விரற்கடையில் கிடைக்கும் என்று பைசாந்தியத்துப் பிலோன் எழுதிவைத்தார். பத்து மினாக் கல்லுக்கு ஆயிரத்தின் கனமூலம் பத்து. பத்தில் ஒன்று கூட்டப் பதினொரு விரல். எண்பது மினாக் கல்லுக்கு இருபத்திரண்டு விரல். கல் எட்டு மடங்கு, துளை இரண்டே மடங்கு. அங்கும் அளவை விரலாகவே இருந்தது என்பது நம் சிற்பிகளுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி.

ஆனால் ஆயிரமும் எண்ணாயிரமும் போல் எல்லா எண்களும் இணங்கி வருவதில்லை. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோன் என்பவர் நூறின் கனமூலத்தைத் தேடினார். நான்கின் கனம் 64, ஐந்தின் கனம் 125. நூறு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கீழே 36 இடைவெளி, மேலே 25 இடைவெளி. இவ்விரண்டு இடைவெளிகளையும் தக்கபடி எடைபோட்டு, நான்கும் பதினான்கில் ஒன்பது பங்கும் என்று விடை கூறினார். அதைக் கனப்படுத்தினால் 100.08 வருகிறது. வியக்கத்தக்க நெருக்கம்தான். எனினும் இது ஒரு மதிப்பீடு. அடுத்தடுத்த இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கறந்து தரும் முறையன்று. கிரேக்கர் எண்களை எழுத்துகளால் குறித்தனர். ஒன்று, பத்து, நூறு என்னும் தானங்கள் அவர்கள் எழுத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிவ கணிதத்தில் அவ்வளவு உயரம் சென்றவர்கள் இங்கே தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

சீனர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் சிறு குச்சிகளைப் பலகையில் தானவாரியாக அடுக்கிக் கணக்கிட்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவான ‘ஒன்பது அதிகாரங்கள்’ என்னும் கணித நூலில் கனமூலம் காணும் முறை முழுமையாக இருக்கிறது. அதில் வரும் ஒரு கணக்கு 18,60,867 என்னும் எண்ணின் கனமூலம் கேட்கிறது, விடை 123. இந்தியரே இம்முறையை முதன்முதல் கண்டனர் என்று மேடையில் முழங்குவோர் இதை மறந்துவிடக் கூடாது. சீன முறை இந்தியாவுக்கு வந்ததா, இரு நாட்டாரும் தனித்தனியே கண்டனரா என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டிலும் செய்கையின் ஒழுங்கு வேறுபடுகிறது என்பது மட்டும் தெளிவு.

இந்திய மரபில் கனமூல விதி நமக்குக் கிடைப்பது ஆரியபடரின் நூலில். கி.பி. 476இல் பிறந்த அவர் 499ஆம் ஆண்டைத் தம் வயது இருபத்து மூன்றான ஆண்டு என்று தாமே குறிக்கிறார். அவருடைய ஆரியபடீயத்தில் கணிதத்துக்கென ஒதுக்கிய பகுதி முப்பத்து மூன்றே செய்யுள். அவற்றுள் ஐந்தாவது செய்யுளே கனமூலத்துக்குரியது. எண்ணின் தானங்களை வலப்புறமிருந்து கனத்தானம், முதல் அகனத்தானம், இரண்டாம் அகனத்தானம் என்று மும்மூன்றாக வகுத்து, ஒரே செய்யுளில் முழுச் செய்கையையும் அடக்கிவிடுகிறார்.

நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ உயரமுள்ள மெழுகுக் கட்டி ஒன்றைக் கொள்வோம். அதில் ஒரு விரல் பக்கமுள்ள சிறு கட்டிகள் 13,824 அடங்கும். இப்போது பக்கத்தின் அளவை மறந்துவிட்டு, 13,824 என்ற எண்ணிலிருந்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வலப்புறமிருந்து மூன்று இலக்கத்தைத் தள்ளினால் இடப்புறத்தில் நிற்பது 13. அதற்குள் அடங்கும் பெரிய கனம் 8. அதன் மூலம் 2. இதுவே விடையின் முதல் இலக்கம். 13இல் 8 போக மீதி 5. அடுத்த இலக்கமாகிய 8ஐ இறக்க 58. கண்ட மூலமாகிய 2இன் வர்க்கம் 4; அதன் மும்மடங்கு 12. 58ஐ 12ஆல் வகுக்க ஈவு 4, மீதி 10. இந்த நான்கே விடையின் இரண்டாம் இலக்கம். அடுத்த 2ஐ இறக்க 102. ஈவின் வர்க்கம் 16. அதை முன்கண்ட 2ஆலும் மூன்றாலும் பெருக்க 96. கழிக்க மீதி 6. கடைசி இலக்கமான 4ஐ இறக்க 64. ஈவின் கனமும் 64. கழிக்க ஒன்றுமில்லை. விடை 24.

இந்த மூன்று கழித்தல்களும் மந்திரம் போல் தோன்றலாம். மெழுகுக் கட்டியை மனத்தில் நிறுத்தினால் மந்திரம் விலகிவிடும். முதலில் இருபது விரல் பக்கமுள்ள கட்டி ஒன்று செய்கிறோம், அது 8,000. அதை இருபத்து நான்கு விரலாக வளர்க்க, மூன்று முகங்களில் நான்கு விரல் கனமுள்ள மூன்று பலகைகளை ஒட்டவேண்டும். பலகை ஒன்றுக்கு 1,600, மூன்றுக்கும் 4,800. பலகைகளுக்கு இடையே மூன்று விளிம்புகளில் பள்ளம் விழும். அவற்றை மூன்று மெழுகுச் சட்டங்களால் நிரப்பவேண்டும். சட்டம் ஒன்று 320, மூன்றும் 960. இன்னும் ஒரு மூலையில் சிறு குழி எஞ்சியிருக்கும். அதற்கு நான்கு விரல் பக்கமுள்ள சிறு கட்டி; அது 64. எல்லாவற்றையும் கூட்டினால் 13,824. ஆரியபடர் கழித்த 48, 96, 64 ஆகிய மூன்றும், பூச்சியங்கள் மறைந்து நிற்கும் இந்தப் பலகைகளும் சட்டங்களும் மூலைக் கட்டியுமே. மெழுகை அப்பி வளர்க்கும் கன்னார் இதைக் கேட்டால் புன்முறுவல் பூப்பார்.

செய்யுள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. 6,859 என்ற எண்ணை எடுத்தால், முதல் இலக்கம் 1, மீதி 5. 8ஐ இறக்க 58. ஒன்றின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 3. 58ஐ மூன்றால் வகுக்க ஈவு 19 என்று வருகிறது! ஓர் இலக்கத்துக்குரிய இடத்தில் பத்தொன்பதை எப்படி வைப்பது? ஒன்பதுக்கு இறங்கி வந்தால்தான் அடுத்த கழித்தல்கள் சரியாக முடிந்து 19 என்ற விடை கிடைக்கும். அடுத்துச் சட்டங்களும் மூலைக் கட்டியும் காத்திருப்பதால், பலகைகளுக்கே எல்லா மெழுகையும் செலவழித்துவிடக் கூடாது. எவ்வளவு இறங்கலாம் என்பதைச் செய்து பார்த்துத்தான் அறியவேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்த பகுதி இது. விதி எவ்வளவு திட்பமாக இருந்தாலும் அதற்குள்ளும் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது.

ஆரியபடீயத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள பழைய உரை, 629ஆம் ஆண்டில் முதலாம் பாஸ்கரர் எழுதியது. கனமூலத்துக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று 1,728, விடை 12. மற்றொன்று பத்து இலக்கம் கொண்டது. 829,14,69,824 என்பது அவ்வெண். அதை இலக்கமாகச் சொல்லாமல், கடல் என்றால் நான்கு, சுவை என்றால் ஆறு, அசுவினி இரட்டையர் என்றால் இரண்டு என்றவாறு சொற்களால் கோத்துச் செய்யுளாக்கியிருக்கிறார். அதன் கனமூலம் 2,024. மாணவர்கள் மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதியும் அழித்தும் இதைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இனி இந்த வரலாற்றில் மிகவும் சுவையான இடத்துக்கு வரலாம். கனமூல விதியைக் கூறிய ஆரியபடர், அடுத்தடுத்த செய்யுள்களில் கூர்நுனிக் கோபுர வடிவின் கன அளவையும் கோளத்தின் கன அளவையும் கூறுகிறார். இரண்டும் பிழை! அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கி மூன்றில் ஒன்று எடுக்கவேண்டிய இடத்தில் பாதி என்கிறார். கோளத்துக்கோ, நடுவட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறார். தட்டையான வடிவங்களில் கண்ட ஒழுங்கு கன வடிவங்களுக்கும் செல்லும் என்று அவர் கருதினார் போலும். இவ்விதிப்படி பார்த்தால் ஓர் உருண்டையின் அளவு உண்மையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடும். சில அறிஞர்கள் இச்செய்யுள்களுக்கு வேறு பொருள் கூறி அவரைக் காக்க முயன்றதுண்டு. ஆனால் முதலாம் பாஸ்கரரும் நேர்ப்பொருளையே கொண்டார்.

பாஸ்கரர் அவ்விடத்தில் வேறொரு விதியையும் எடுத்துக்காட்டுகிறார். அது இரும்பு உருண்டையின் அளவைக் காண்பது. ஆரத்தின் கனத்தைப் பாதியாக்கி ஒன்பதால் பெருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அது வழக்கில் உள்ள கணக்கு, நுட்பமானதன்று, ஆரியபடர் கூறியதே நுட்பமானது என்பது பாஸ்கரரின் கருத்து. உண்மை நேர்மாறாக இருக்கிறது. ஆரம் ஒரு விரலானால் உருண்டையின் சரியான அளவு 4.19. இரும்பு உருண்டைக் கணக்கு தருவது 4.5. ஆரியபடர் விதி தருவது 5.57. ‘நுட்பமற்றது’ என்று ஒதுக்கப்பட்ட கணக்கே உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது! அந்தக் கணக்கு உலைக்களத்திலிருந்து வந்ததென்று எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அதன் பெயரிலேயே இரும்பு இருக்கிறது. உருண்டையை வார்த்து நிறுத்துப் பார்ப்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உலோகம் மிஞ்சினால் கண்ணில் படாமல் போகாது. செய்யுளை மனனம் செய்பவனுக்கு அது தெரிய வழியில்லை. எண்களின் தானங்களை இவ்வளவு கூர்மையாகக் கண்ட ஒரு மேதை, ஒருநாள் ஒரு களிமண் உருண்டையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்திப் பார்த்திருந்தால் போதுமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோளத்தின் சரியான அளவை 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் லீலாவதியில் தந்தார்.

கனமூல விதிக்கோ எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. பிரமகுப்தர், ஸ்ரீதரர், மகாவீரர் ஆகியோர் வழியே அது பரவியது. தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. 1191இல் பிறந்த சூரியதேவ யஜ்வர் ஆரியபடீயத்துக்கு ஓர் உரை எழுதினார். அவர் வாழ்ந்த கங்காபுரம் சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமே என்பர் அறிஞர். பின்னர்க் கேரளத்தில் நீலகண்ட சோமயாஜி எழுதிய விரிவான உரையும் புகழ்பெற்றது. ஆனால் இவையெல்லாம் வடமொழி கற்ற சோதிட நூலாரிடையே வழங்கியவை. திண்ணைப் பள்ளிச் சிறுவன் எண்சுவடியையும் குழிமாற்றையும் தலைகீழாகச் சொல்வான். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் அவை போதும். அவனுக்குக் கனமூலம் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட கன்னாருக்கோ தராசு இருந்தது. ஒரே ஊரில், ஒரே கேள்விக்கு, ஏடு ஒரு விடையும் உலை ஒரு விடையும் வைத்திருந்தன. இரண்டும் சந்தித்துக்கொண்டதற்கு அடையாளங்கள் அரிது. இரும்பு உருண்டைக் கணக்கு அத்தகைய அரிய அடையாளங்களில் ஒன்று.

இதற்கிடையே இம்முறை மேற்கே சென்றது. ஆயிரமாம் ஆண்டையொட்டி வாழ்ந்த குஷியார் இப்னு லப்பான் என்னும் பாரசீகக் கணிதர் ‘இந்தியக் கணக்கின் அடிப்படைகள்’ என்று பொருள்படும் தம் அரபு நூலில் கனமூலத்துக்கும் இடம் அளித்தார். அங்கிருந்து ஐரோப்பா சென்று, அச்சுப் புத்தகமாகி, ஆங்கிலக் கல்வியோடு நம் நாடுகளுக்கே திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் உயர்கணிதம் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழிலேயே வீசகணித நூல் ஒன்றை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணக்குப் புத்தகங்களில், இலக்கங்களை மும்மூன்றாகப் புள்ளியிட்டுப் பிரித்துக் கனமூலம் காணும் பாடம் தவறாமல் இருக்கும். பிரம்படிக்கு அஞ்சி அதைப் பயின்ற சிறுவர்கள், அது ஆரியபடர் சொன்னதன் பேரப்பிள்ளை என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாடத்தை வழக்கொழியச் செய்தது மடக்கை. ஸ்கொத்லாந்து நாட்டு நேப்பியர் 1614இல் அதை வெளியிட்டார். இரண்டின் மடக்கை 0.3010. அதை மூன்றால் வகுக்க 0.1003. வாய்பாட்டில் திருப்பிப் பார்த்தால் 1.26. பலகைகளும் இல்லை, சட்டங்களும் இல்லை! பரீட்சை மண்டபங்களில் மடக்கை வாய்பாட்டுப் புத்தகம் மாணவர் கையிலிருந்த காலம் நெடிது. பின்னர் மின்கணிப்பான் வந்து அதையும் ஓரங்கட்டியது.

மின்கணிப்பானுக்கும் கணினிக்கும் கனமூலம் காணப் பல வழிகள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று நியூட்டனின் பெயரால் வழங்குவது. அது கன்னாரின் செயலுக்கு மிகவும் நெருங்கியது. முதலில் ஒரு விடையை ஊகித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் கனமூலம் ஒன்றேகால் என்று கொள்வோம். ஒன்றேகாலின் வர்க்கத்தால் இரண்டை வகுத்தால் 1.28 வருகிறது. ஊகத்தை இருமுறையும் இதை ஒருமுறையும் எடுத்துக் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.26. அதையே புதிய ஊகமாகக்கொண்டு மறுபடியும் செய்தால் 1.259921. இரண்டே முறையில் ஆறு தானங்கள் சரியாகிவிட்டன! ஊகி, நிறு, மிகுந்ததைச் சுரண்டு, மறுபடியும் நிறு என்பதே இங்கும் நடக்கிறது. ஆரியபடர் முறை இலக்கத்துக்கு ஒரு படியாக ஏறும். இந்த முறையோ விடையை நெருங்க நெருங்கச் சரியான இலக்கங்களை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இருமடங்காக்கும். தவறான ஊகத்தோடு தொடங்கினாலும் பெரும்பாலும் அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

கருவி ஏதுமின்றி மனத்திலேயே கனமூலம் கண்டவர்களும் உண்டு. பெங்களூரில் 1929இல் பிறந்த சகுந்தலா தேவி அவர்களுள் தலையாயவர். 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்தார். 6,16,29,875 என்னும் எண்ணின் கனமூலம் கேட்கப்பட்டது. பேராசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதி முடிக்குமுன் 395 என்ற விடை வந்துவிட்டது. முழுக்கனங்களில் ஓர் இரகசியம் இருக்கிறது. கடைசி இலக்கத்தைப் பார்த்தே மூலத்தின் கடைசி இலக்கத்தைச் சொல்லிவிடலாம். கனம் நான்கில் முடிந்தால் மூலமும் நான்கில் முடியும். மூன்றில் முடிந்தால் மூலம் ஏழில் முடியும். 13,824ஐக் கண்டதும், 13க்குள் 8 அடங்குவதால் முதலில் 2, கடைசியில் 4 என்று சிறுவரும் சொல்லலாம். சந்தைத் திடல்களில் கைதட்டல் பெற்ற வித்தைகளில் பாதி இதுதான். சகுந்தலா தேவியின் ஆற்றல் அந்த எல்லையைத் தாண்டியது என்பதே அவரைச் சோதித்தோரின் முடிவு.

முழுக்கனமல்லாத எண் வந்தால் இந்த வித்தை பலிக்காது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ரிச்சர்ட் பெயின்மன் பிரேசில் நாட்டு உணவுச்சாலை ஒன்றில் இருந்தபோது, மணிச்சட்டம் விற்கும் ஜப்பானியர் ஒருவர் போட்டிக்கு அழைத்தார். கூட்டலில் மணிச்சட்டமே வென்றது. பெருக்கலிலும் அது முந்தியது. வகுத்தலில் இருவரும் சமம். இறுதியில் கனமூலம் என்று கூறி, விற்பனையாளர் தம் மனம்போனபடி ஓர் எண்ணை எழுதினார். அது 1729.03. ஆயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்றதும் தமிழ் நேயர்களுக்கு இராமானுஜன் நினைவு வரும். பெயின்மனுக்கு நினைவு வந்ததோ ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம் என்னும் பள்ளிக்கூடப் பாடம். ஆகவே விடை பன்னிரண்டுக்குச் சற்று மேல். மிஞ்சிய 1.03ஐப் பன்னிரண்டு அங்குலக் கட்டியின் மூன்று முகங்களில் மெல்லிய பூச்சாகப் பரப்பவேண்டும். மூன்று முகங்களின் பரப்பு 432. 1.03ஐ அதனால் வகுக்கக் கிடைப்பது 0.002 சொச்சம். சட்டங்களும் மூலைக் கட்டியும் அவ்வளவு சிறியவையாதலால் அவற்றை விட்டுவிடலாம். மணிச்சட்டக்காரர் வேர்த்து விறுவிறுக்கப் பன்னிரண்டில் வந்து நின்றபோது, பெயின்மன் 12.002 என்று எழுதி வைத்திருந்தார். அவருக்குக் கைகொடுத்த 1,728, முதலாம் பாஸ்கரர் 629இல் தம் மாணாக்கருக்குக் கொடுத்த எண்ணே.